அவையச்சமும் வகுப்பறையும்



அச்சம் எங்கெங்குப் பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வரையறுத்துச் சொன்னார். அணங்கிலிருந்தும் விலங்கிலிருந்தும் கள்வரிலிருந்தும் தம்மை ஆளும் தலைவரிலிருந்தும் அது பிறக்கும் என்பது அவர் கண்ட முடிவு. பேயும் புலியும் வழிப்பறிப்பவனும் சினங்கொண்ட வேந்தனும் ஒருவனை நடுங்க வைப்பதில் வியப்பில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறை இந்நான்கனுள் எதிலே அடங்கும்? அங்கே பேயுமில்லை, புலியுமில்லை. நேற்று மாலைவரை உடன் ஓடி விளையாடிய தோழர்களே இருக்கின்றனர். அவ்வாறிருந்தும், "முன்னே வந்து நின்று பேசு" என்று ஆசிரியர் சொன்ன அளவிலே, புலியின்முன் அகப்பட்டவனுக்குரிய மெய்ப்பாடுகள் அத்தனையும் அச்சிறுவன் உடலிலே தோன்றிவிடுகின்றன. நா வறள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, முழங்கால் நடுங்குகிறது, நேற்றிரவு நன்றாகத் தெரிந்திருந்தது இப்பொழுது நினைவுக்கு வர மறுக்கிறது.

இதைக் கோழைத்தனம் என்று கூறிவிடுவது எளிது. அதற்குத் திருக்குறளையே சான்றுக்கு அழைப்பவர்களும் உளர். அவைக்கு அஞ்சுவோனின் கல்வியைப் போர்க்களத்தில் அஞ்சி நிற்பவன் கைவாளோடு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்த ஒப்புமையை, நடுங்கி நிற்கும் பன்னிரண்டு அகவைப் பிள்ளையின் முன் உரக்கச் சொல்லி அவனை மேலும் குறுக வைப்பதை என்னென்பது! அவையஞ்சாமை என்னும் அதிகாரம் பொருட்பாலில் அமைச்சியலின் இறுதியில் நிற்பது. நூல் பல கற்று, நாட்டின் பொறுப்பேற்று, வேற்றார் அவையில் விடைசொல்லக் கடமைப்பட்ட அமைச்சனுக்குச் சொன்னது அது. அதற்கு முன்னே அவையறிதல் என்று ஓர் அதிகாரம் இருப்பதை இவ்வாறு கடிந்துரைப்போர் மறந்துவிடுகின்றனர். உணரவல்லார்முன் பேசுவது வளரும் பயிருக்கு நீர் பாய்ச்சுவதைப் போன்றதென்றும், தம்மோடு ஒவ்வாதார்முன் பேசுவது நல்லுணவை அங்கணத்தில் கொட்டுவதைப் போன்றதென்றும் அங்கே விளக்கப்படுகின்றது. பேச்சு சிறப்பதிலும் கெடுவதிலும் கேட்போருக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதை வள்ளுவர் நன்கறிந்திருந்தார். வகுப்பறை அச்சத்தைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

உடலில் நிகழ்வது என்ன என்பதை அறிவியல் தெளிவாகவே சொல்கிறது. சிறுநீரகங்களின்மேல் அமர்ந்திருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள், இடுக்கண் எதிர்ப்பட்டவுடன் அட்ரினலின் என்னும் சுரப்புநீரைக் குருதியில் விடுகின்றன. நெஞ்சத்துடிப்பு விரைகிறது. தோலுக்கும் வயிற்றுக்கும் செல்லும் குருதி குறைந்து, தசைகளுக்கு மிகுதியாகப் பாய்கிறது. ஆகவே விரல் நுனி குளிர்கிறது, வயிறு பிசைகிறது. உமிழ்நீர் வற்றுகிறது. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் அணியமாகும் நிலை இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஓடுவதற்கு அணியமான காலை அசையாமல் நிற்கச் சொன்னால் அது நடுங்காமல் என்ன செய்யும்? அந்த நடுக்கத்திற்கும் அச்சிறுவனின் அறிவுக்கும் தொடர்பில்லை. அவன் நெஞ்சுரத்திற்கும் பெரிய தொடர்பில்லை.

செருமனி நாட்டுத் திரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் ஓர் ஆய்வுமுறையை வெளியிட்டனர். மாந்த உடலில் மனநெருக்கடியை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கி அளக்க வேண்டும். அதற்கு எளிய வழி எது என்பதே அவர்கள் முன் இருந்த வினா. அவர்கள் பாம்பைக் காட்டவில்லை, இருட்டறையில் அடைக்கவில்லை. சிலர் அமர்ந்திருக்கும் அறையில் ஒருவரை நிறுத்தி ஐந்து மணித்துளி பேசச் சொன்னார்கள். பிறகு ஐந்து மணித்துளி மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். கேட்போருக்கு ஒரே கட்டளை: சிரிக்கவும் கூடாது, தலையசைக்கவும் கூடாது, முகத்தில் எக்குறிப்பும் காட்டக்கூடாது. அவ்வளவே போதியதாயிற்று. பேசியவர்களின் நெஞ்சத்துடிப்பு ஏறியது. நெருக்கடி நேரத்துச் சுரப்புநீர் குருதியிலும் உமிழ்நீரிலும் பெருகியது. இன்றளவும் உலகெங்கும் ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாள்கின்றனர்.

இச்செய்தியை ஆசிரியர்கள் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவியலார் வேண்டுமென்றே முனைந்து உருவாக்கிய அந்த அச்ச அறைக்கும், பல பள்ளிகளின் வகுப்பறைக்கும் வேறுபாடு என்ன? உணர்ச்சி காட்டாத முகங்கள், அளக்கும் கண்கள், தவறுக்குக் காத்திருக்கும் செவிகள் ஆகிய மூன்றும் இங்கேயும் உண்டு. அங்கே இல்லாத ஒன்றும் இங்கே உண்டு. அது பின்வரிசையிலிருந்து எழும் நகைப்பு.

இன்னொன்றையும் ஆராய்தல் வேண்டும். வகுப்பிலே ஒரு மாணவன் தனியாக எழுந்து நிற்பது எப்போது? வினாவுக்கு விடை தெரியாதபோது நிற்கிறான். வீட்டுப்பாடம் எழுதாதபோது நிற்கிறான். காலம் தாழ்ந்து வந்தபோது வாயிலில் நிற்கிறான். ஐந்தாண்டு, ஆறாண்டு இவ்வாறே பழகிய உடல், தனியாக நிற்பதென்றாலே குற்றவாளியாக நிற்பது என்று பாடம் படித்துவிடுகிறது. பிறகு ஒருநாள் இலக்கிய மன்றத் தொடக்கவிழா வருகிறது. அதே பிள்ளையை அதே இடத்தில் நிறுத்தி, "துணிந்து பேசு, அஞ்சாதே" என்றால் அவன் கால்கள் எதை நம்பும்?

துணிவூட்டுவதாக எண்ணி ஆசிரியர் செய்யும் உதவியும் சில வேளைகளில் வினையாகிறது. பேச்சுப்போட்டி என்றவுடன் ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கிறார். எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதுவரை சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளை அதை உருப்போடுகிறது. அடுக்குமொழியில் அருவிபோல் கொட்டுகிறது, கைதட்டல் எழுகிறது, பரிசும் கிடைக்கிறது. மறுநாள் அதே பிள்ளையிடம், "நேற்றுப் பேசினாயே, அதில் உனக்குப் பிடித்த கருத்து எது?" என்று கேட்டால் விழிக்கிறது. அங்கே நடந்தது ஒப்புவித்தல். நன்றாக ஒப்புவிப்பதும் ஒரு திறந்தான். அதைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அதனைப் பேச்சு என்று கருதுவதால் ஒரு கேடு விளைகிறது. உருப்போட்ட உரை சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தால் முழுவதும் வீழ்கிறது. சொல் மறந்து மேடையில் திகைத்து நின்ற அந்த அரை மணித்துளியை அப்பிள்ளை பல ஆண்டுகளுக்கு மறப்பதில்லை.

உலகம் போற்றும் கிரேக்கப் பேச்சாளன் தெமாசுதெனீசுக்கே அது நேர்ந்ததாம். கி.மு. 346இல் ஏதென்சு நகரத்துத் தூதர்களுள் ஒருவனாக மாசிதோனிய மன்னன் பிலிப்பின் அவைக்குச் சென்றவன், பேசத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே சொல் மறந்து நின்றான் என்றும், மன்னனே அவனைத் தேற்றித் தொடரச் சொல்லியும் அவனால் இயலவில்லை என்றும், உடன் சென்ற ஈசுகினீசு பின்னாளில் வழக்குமன்றத்தில் கூறினான். கூறியவன் பகைவன், ஆகையால் சற்றுக் குறைத்தே கொள்ளலாம். எனினும், கூழாங்கற்களை வாயிலிட்டுப் பேசிப் பழகியவன் என்று பாடநூல்கள் பாராட்டும் ஒருவனைப் பற்றியே இத்தகைய செய்தி நிலைத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவதில் தவறில்லை. கூழாங்கல் கதையை மட்டும் சொல்லி அவர்களை மலைக்க வைப்பதைவிட இது நல்லது.

காந்தியடிகளின் பட்டறிவு இன்னும் தெளிவானது. அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவின்றி எழுதியது. இலண்டனில் சட்டம் பயின்றபோது மரக்கறி உணவினர் கழகத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினர். கூட்டங்களுக்குத் தவறாமல் சென்றார். ஆனால் வாய் திறக்க இயலவில்லை. 1891இல் நாடு திரும்பி, மும்பையில் சிறு வழக்குமன்றத்தில் தம் முதல் வழக்கை ஏற்றார். கட்டணம் 30 உருபா. எதிர்த்தரப்புச் சான்றாளரைக் குறுக்கு வினவ எழுந்தார். தலை சுற்றியது, மன்றமே சுற்றுவதுபோல் தோன்றியது, கேட்க ஒரு வினாவும் வரவில்லை. அமர்ந்துவிட்டார். வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு கூறிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

அதே காந்தியடிகள் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் அங்கு வாழ்ந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். தம் வாழ்வின் முதல் பொதுச் சொற்பொழிவு என்று அதனையே குறிப்பிடுகிறார். இடையில் கழிந்தவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. அதற்குள் அவர் நாவிலே என்ன மாற்றம் நேர்ந்துவிட்டது? அந்த இடைக்காலத்தில் எவரிடமும் அவர் பேச்சுக்கலை பயின்றதாகத் தெரியவில்லை. ஆனால் சொல்லியாக வேண்டிய ஒரு பொருள் இப்போது அவரிடம் இருந்தது. வணிகத்தில் வாய்மை என்பது அப்பொருள். அதைவிடப் பெரியது, கேட்க வந்தவர்களின் நிலை. தொடர்வண்டியிலிருந்து தள்ளப்பட்ட அவரைப் போலவே நிறத்தின் பெயரால் நாள்தோறும் இழிவுபட்டவர்கள் அவர்கள். இவன் ஆங்கிலம் சரியா, இவன் வாதம் சரியா என்று எடைபோட வந்தவர்களல்லர். மும்பை மன்றத்தில் கட்டிய நா பிரிட்டோரியாவில் அவிழ்ந்ததற்கு இதைவிட வேறு கரணியம் தேட வேண்டியதில்லை.

இனி, தமிழ்நாட்டு வகுப்பறைக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே பிள்ளையை அச்சுறுத்துவது அவையோடு நிற்கவில்லை. எந்த மொழியில் பேசச் சொல்கிறார்கள் என்பதும் சேர்ந்து அச்சுறுத்துகிறது. ஆங்கிலவழிப் பள்ளிக்குச் சென்ற சிற்றூர்ப் பிள்ளை, தன் கருத்தைத் தேடுவதற்கு முன்னே வேற்றுமொழிச் சொல்லைத் தேட வேண்டும். சொல்லைக் கண்ட பிறகு ஒலிப்பைத் தேட வேண்டும். இதற்குள் வகுப்பு சிரித்துவிடும். வேற்றுமொழி வகுப்பில் எழும் இவ்வச்சம் தனியொரு வகையாகவே அளக்கத் தக்கது என்று எலேன் ஆர்விட்சு என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் 1986இல் எழுதி, அதனை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றையும் வகுத்தனர். வேற்றுமொழியைக் கற்கும்போது இத்தனை இடர் உண்டு என்று அவர்கள் அங்கே ஆராய்ந்தார்கள். இங்கேயோ, தாய்மொழியில் பேசியதற்காகப் பிள்ளைகளிடம் ஒறுப்புப் பணம் வாங்கிய பள்ளிகளும் உண்டு! பேசுவதற்கே தண்டம் கட்டிய பிள்ளை பிறகு எந்த மொழியில்தான் வாய் திறக்கும்?

அதை எதிர்த்துக் குரல் கொடுப்போர் இவ்வவையில் நிறைந்திருக்கின்றனர். அவர்களுக்கும் கசப்பான ஒரு சொல் சொல்லியாக வேண்டும். தமிழ்வழிப் பள்ளியின் இலக்கிய மன்றம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு பையன் எழுந்து, தன் அக்கை திருமணத்தைப் பற்றிப் பேசுகிறான். "எனக்கு ரொம்பச் சந்தோசமாக இருந்தது" என்கிறான். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சந்தோசம் என்னாதே, மகிழ்ச்சி என்று சொல்!" பையன் திருத்திக்கொள்கிறான். அடுத்த தொடரில் மற்றொரு பிறமொழிச் சொல், மற்றொரு குறுக்கீடு. மூன்றாவது தொடர் வருவதில்லை. அவன் கருத்தை விட்டுவிட்டுச் சொற்களை எண்ணத் தொடங்கிவிட்டான். அன்று அவன் கற்றுக்கொண்டது ஒன்றே: தமிழில் பேசினாலும் தண்டம் உண்டு.

திருத்தக் கூடாது என்பது கருத்தன்று. திருத்தும் முறை ஒன்று இருக்கிறது. அவன் பேசி முடிக்கட்டும். பிறகு ஆசிரியர், "அக்கை திருமணத்தில் உனக்கு அவ்வளவு மகிழ்ச்சியா, தம்பி? எது மிகுந்த மகிழ்ச்சி தந்தது, சொல்" என்று கேட்கட்டும். நல்ல சொல் அவன் செவியில் விழுந்துவிட்டது. அவன் விடை சொல்லும்போது பெரும்பாலும் அதையே எடுத்து ஆள்வான். ஆளாவிட்டாலும் கேடில்லை, அடுத்த முறை ஆள்வான். தாய் பிள்ளைக்கு மொழி கற்பிப்பது இப்படித்தான். எந்தத் தாயும் பிள்ளையின் மழலையை நிறுத்திவைத்து இலக்கணம் சொன்னதில்லை.

ஊர்ப்பேச்சைக் கண்டு நகைப்பதும் இத்தகையதே. தென்மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து நகரப் பள்ளிக்கு வந்த சிறுமி, ஏனம் கழுவும் இடத்தை 'அங்கணம்' என்றால் வகுப்பு சிரிக்கிறது. அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளிலே வள்ளுவர் ஆண்ட சொல்லல்லவா அது! மெதுவாக என்பதற்குப் 'பைய' என்றால் அதற்கும் சிரிப்பு. அதுவும் குறளில் உள்ள சொல்லே. சிரிப்பவர்களுக்கு அது தெரியாது. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அவர் திருக்குறளைத் திறந்து 720ஆம் குறளைக் காட்டிவிட்டால், சிரித்த வகுப்பே அச்சிறுமியிடம், "உங்கள் ஊரில் இன்னும் என்னென்ன சொற்கள் உண்டு?" என்று கேட்கத் தொடங்கும். கேட்கத் தொடங்கிய வகுப்பின்முன் எவருக்கும் கால் நடுங்குவதில்லை.

ஆகவே பயிற்சி தேவைப்படுவது முதலில் கேட்போருக்கு. கேள்வி என்று தனி அதிகாரமே வகுத்த மொழியில், கேட்கும் பயிற்சிக்குப் பள்ளியில் ஒரு மணிநேரமும் ஒதுக்கப்படாதது வியப்பே. செலவில்லாத ஒரு வழி உண்டு. மேரி பட்டு உரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் பல வகுப்புகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர்கள் வினா விடுத்தபின் விடைக்குக் காத்திருந்த நேரம் ஏறத்தாழ ஒரு நொடிதான். அதற்குள் விடை வராவிட்டால் வேறொருவனைக் கேட்டார்கள் அல்லது தாமே சொல்லிவிட்டார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. அதுவரை வாய் திறவாதவர்களும் பேசினர். மூன்று நொடி! அச்சத்தால் கட்டுண்ட நாவுக்கு அதுவே பெரிய கொடை.

மேடையும் படிப்படியாக உயர வேண்டும். பழைய திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் 1789 முதல் கைவிடப்பட்ட பிள்ளைகளின் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்து, 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயராலேயே அது இங்கிலாந்தில் பரவிற்று. நான்கைந்து இளையோரிடம் பேசிப் பழகியவனுக்கு நாற்பது பேர் பெரிய கூட்டமாகத் தோன்றுவதில்லை. இன்றும் அவ்வாறே தொடங்கலாம்: முதலில் பக்கத்துத் தோழனிடம், பின் நால்வர் குழுவில், பின் அமர்ந்த இடத்திலிருந்தே வகுப்புக்கு, அதன் பிறகே முன்னே வந்து நிற்பது. அப்போதும் கையில் ஒரு பொருள் இருந்தால் நன்று. வலை பின்னும் ஊசியையோ பனங்காயையோ கையிலேந்தி, அது என்ன, எப்படிப் பயன்படுகிறது என்று விளக்கும் பிள்ளைக்குத் தன் கையை எங்கே வைப்பதென்ற கவலை இல்லை. வகுப்பின் கண்களும் அவன் முகத்தை விட்டுப் பொருளுக்குச் சென்றுவிடுகின்றன. அதோடு அப்பொருளைப் பற்றி அவ்வறையிலேயே மிகுதியாக அறிந்தவன் அவன்தான். அச்சத்தை அடுத்துப் பெருமிதத்தை வைத்த தொல்காப்பியர், பெருமிதம் பிறக்கும் களங்களுள் முதலாவதாகக் கல்வியை வைத்தார். தான் அறிந்ததைச் சொல்லும்போது அப்பெருமிதம் தானே வரும்.

பேசும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே எல்லாருக்கும் தெரிகிறது என்று பேசுவோர் நம்புகின்றனர். உண்மையில் அவர்கள் நம்பும் அளவுக்கு அது கேட்போருக்குத் தெரிவதில்லை. கென்னத்து சவிட்சுகி, தாமசு கிலோவிச்சு என்னும் இருவர் 2003இல் இதனை ஆய்ந்து வெளியிட்டனர். இவ்வுண்மையை முன்கூட்டியே சொல்லிவைத்த மாணவர்கள், சொல்லாமல் விடப்பட்டவர்களைவிட நன்றாகவே பேசினர். அவ்வாறு அவர்களே உணர்ந்ததோடு, கேட்டவர்களும் மதிப்பிட்டனர். அச்சம் வேண்டா என்று அதட்டுவதைவிட, உன் அச்சம் எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லுவது பயன் தருகிறது.

எவ்வளவு செய்தும் பேச இயலாத பிள்ளை ஒன்றிரண்டு எவ்வகுப்பிலும் இருக்கும். அதை இழுத்து நிறுத்த வேண்டா. இலண்டன் கழகத்தின் செயற்குழுவில் ஒருமுறை ஓர் உறுப்பினரை நீக்குவது பற்றிக் கடும் வழக்காடல் எழுந்தபோது, காந்தியடிகள் தம் கருத்தைத் தாளில் எழுதிக்கொண்டு சென்றார். அதைப் படிக்கவும் அவருக்குத் துணிவு வரவில்லை. தலைவர் அதனை வாங்கி வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். தலைவரின் கருத்துக்கு மாறான கருத்து அது. எனினும் அது அவையில் ஒலித்தது. வாய் திறவாத பிள்ளையும் தன் கருத்தை எழுதட்டும். பக்கத்துத் தோழன் படிக்கட்டும். படித்து முடித்ததும் வகுப்பு ஒரு வினாவை எழுதியவனிடமே கேட்கட்டும். அதற்கு ஒரு சொல்லில் விடை வந்தாலும் முதல் திங்களுக்கு அது போதும்.